வீட்டுக் கொல்லையில் ஆமைக் குளம்

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்பது நம் பாட்டிமார் அடிக்கடி கூறும் பழமொழி. கடனுக்காக வீட்டை ஜப்தி செய்ய வரும் நீதிமன்ற அமீனாவுக்குச் சமமாக இந்தச் சாதுவான பிராணியை வைத்துவிட்டார்கள். நம் தமிழாசிரியைகளைக் கேட்டால், இங்கே ஆமை என்பது விலங்கைக் குறிக்காது, பொறாமை, கல்லாமை, முயலாமை ஆகிய சொற்களின் ஈற்றில் நிற்கும் 'ஆமை'யே அது என்று நயம்பட விளக்குவார்கள். விளக்கம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பழமொழியை நம்பி ஆமையைத் தடியால் அடித்து விரட்டுகிறவர்கள் இலக்கணம் பார்த்து அடிப்பதில்லையே!

இப்போது காற்று எதிர்த்திசையில் வீசத் தொடங்கியிருக்கிறது. ஆமை வீட்டில் இருந்தால் செல்வம் பெருகும் என்று சொல்லி, கட்டைவிரல் அளவுள்ள பச்சை நிற ஆமைக் குஞ்சுகளைக் கண்ணாடித் தொட்டியில் போட்டு விற்கிறார்கள். ஒரே தெருவில் ஒரு வீட்டார் ஆமையைக் கண்டால் கதவைச் சாத்துகிறார்கள். அடுத்த வீட்டார் அதையே பணம் கொடுத்து வாங்கி வந்து கூடத்தில் வைக்கிறார்கள். ஆமைக்கு இந்த இரண்டு செய்தியுமே தெரியாது. அதற்கு வேண்டியவை நீரும் வெயிலும் மண்ணும் இரையுந்தான்.

"வீட்டுக் கொல்லையில் சிறு குளம் கட்டி ஆமை வளர்க்கலாமா?" என்று விலங்கியல் வகுப்பில் மாணவிகள் கேட்பதுண்டு. வளர்க்கலாம், வளர்க்கக் கூடாது என்று ஒரே சொல்லில் இதற்கு விடை கூற இயலாது. முதலில் ஆமை எப்படிப்பட்ட பிராணி, எந்த ஆமையைப் பற்றிப் பேசுகிறோம் என்பவை தெரிந்தாக வேண்டும்.

ஓட்டின் இரகசியம்

ஆமை ஊர்வன வகுப்பைச் சேர்ந்தது. பாம்பு, பல்லி, முதலை ஆகியவற்றுக்கு உறவு. உலகில் ஏறத்தாழ 360 இன ஆமைகள் உள்ளன. இருபது கோடி ஆண்டுகளுக்கு முன்பே ஆமைகள் பூமியில் இருந்தன என்பதற்குத் தொல்லுயிர்ப் படிவங்கள் சான்று. சீனாவில் கிடைத்து 2008-இல் விவரிக்கப்பட்ட 'ஓடன்டோகெலிஸ்' என்னும் பழங்கால ஆமைக்கு வாயில் பற்கள் இருந்தன. வயிற்றுப்புற ஓடு முழுமையாக இருந்தது. முதுகோடு இன்னும் உருவாகி முடியவில்லை. இன்றைய ஆமைகளுக்குப் பற்களே கிடையா. கிளியின் அலகைப் போன்ற கொம்புப் பொருளாலான தாடையால் இரையைக் கடித்து விழுங்குகின்றன.

நத்தை தன் கூட்டைச் சுமப்பது போல ஆமையும் ஓட்டைச் சுமக்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறு. ஆமையின் முதுகெலும்பும் விலா எலும்புகளும் விரிந்து ஒன்றாக இணைந்தே முதுகோடு ஆகிறது. சற்றேறக்குறைய ஐம்பது எலும்புகள் அதில் உள்ளன. அதன்மேல் நம் நகம் போன்ற கெரட்டின் என்னும் பொருளாலான தகடுகள் போர்த்தியிருக்கின்றன. நம் உடலில் தோள்பட்டை எலும்பு விலா எலும்புகளுக்கு வெளியே இருக்கிறது; ஆமைக்கோ அது உள்ளே இருக்கிறது! முதுகெலும்பிகளில் இத்தகைய அமைப்பு வேறு எதற்கும் இல்லை. ஓட்டை விட்டு ஆமை வெளியே வரும் என்பது சித்திரக் கதைகளில் மட்டுமே நடக்கும்.

ஓட்டில் இரத்த ஓட்டமும் நரம்பும் உண்டு. தொட்டால் ஆமைக்குத் தெரியும், துளையிட்டால் வலிக்கும். ஓட்டின் ஓரத்தில் துளை போட்டுக் கயிறு கட்டுவதும், முதுகில் வர்ணம் பூசிப் பெயர் எழுதுவதும் வேடிக்கையாகச் செய்யப்படுகின்றன. கயிறு கட்டியவர் தம் விலா எலும்பில் துளையிடுவதை நினைத்துப் பார்க்கட்டும்.

விலா எலும்புகள் ஓட்டோடு ஒன்றிப் போனதால் நம்மைப் போல மார்பை விரித்து மூச்சு இழுக்க ஆமையால் முடியாது. உடலின் உட்புறத் தசைகளைச் சுருக்கியும் தளர்த்தியும் நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்துகிறது. நீர்வாழ் ஆமையாயினும் சுவாசிப்பது காற்றைத்தான். எனவே நீர்மட்டத்துக்கு மேல் ஏறி அமர இடமில்லாத தொட்டியில் விடப்பட்ட ஆமை ஓயாமல் நீந்திக் களைத்து இறுதியில் மூழ்கி இறக்கவும் கூடும்.

காலைப் பார்த்தால் ஆமையின் இருப்பிடம் விளங்கும். கடலாமையின் கால் துடுப்பு. குளத்து ஆமையின் கால் விரல்களுக்கிடையே சவ்வு கொண்டது. நில ஆமையின் கால் யானைக் கால் போலத் தூண் வடிவானது. இந்த வேறுபாடு தெரியாமல் சாலையோரம் கண்ட நட்சத்திர ஆமையை "பாவம், தண்ணீர் இல்லாமல் தவிக்கிறது" என்று கிணற்றிலோ குளத்திலோ போட்டுவிடுகின்றனர் இரக்கமுள்ள சிலர். அதற்கு நீந்தத் தெரியாது. இரக்கமே அதன் உயிரைக் குடித்துவிடுகிறது. ஆகவே எந்த ஆமையைக் கண்டாலும் முதலில் காலைப் பாருங்கள்.

நம் ஊர் ஆமைகள்

தமிழ்நாட்டுக் கண்மாய்களிலும் ஏரிகளிலும் வயல் வாய்க்கால்களிலும் பொதுவாகக் காணப்படுபவை இரண்டு. ஒன்று பாலாமை. அறிவியல் பெயர் லிஸ்ஸெமிஸ் பங்க்டேட்டா. இதன் ஓடு கடினத் தகடுகள் இன்றி வழவழப்பான தோலால் மூடப்பட்டிருக்கும். மூக்கு நீண்டு சிறு குழல் போல் இருக்கும். உடலை நீரில் மறைத்து மூக்கு நுனியை மட்டும் வெளியே நீட்டி மூச்சு வாங்கும். வயிற்றோட்டின் பின்பகுதியில் இரண்டு மடல்கள் உள்ளன. காலை உள்ளிழுத்ததும் அம்மடல்கள் கதவு போல் மூடிக்கொள்கின்றன. அடக்கமுடைமை அதிகாரத்தின் 126-ஆம் குறளில் திருவள்ளுவர் ஐம்புலன் அடக்கத்துக்கு ஆமையை உவமையாக்கினார். நான்கு கால், ஒரு தலை என ஐந்து உறுப்புகளையும் இழுத்துக் கொண்டு கதவையும் சாத்திக் கொள்ளும் பாலாமை அந்த உவமைக்கு எவ்வளவு பொருத்தம்!

கோடையில் குளம் வற்றினால் பாலாமை சேற்றுக்குள் புதைந்து மழை வரும்வரை அசைவற்றுக் கிடக்கும். நத்தை, தலைப்பிரட்டை, சிறு மீன், நீர்ப்பூச்சி, செத்த பிராணி, நீர்த்தாவரம் எல்லாம் அதற்கு உணவு. குளத்தின் தோட்டி என்று அதைச் சொன்னால் மிகையாகாது.

மற்றொன்று காராமை, மெலனோகெலிஸ் ட்ரைஜுகா. கருமையான கடின ஓடு. முதுகில் நீளவாக்கில் மூன்று மேடுகள். பெரும்பாலும் பசுந்தழையும் கனியும் தின்னும். நத்தை, புழு கிடைத்தாலும் விடுவதில்லை. இவ்விரண்டும் தவிர, தென்னாட்டு ஆறுகளில் லீத் மெல்லோட்டு ஆமை என்னும் பெரிய ஆற்றாமையும் உண்டு. அதை நேரில் காண்பது அரிது.

இவற்றில் ஒன்றைப் பிடித்து வந்து கொல்லைக் குளத்தில் விட்டால் என்ன என்று உங்களுக்குத் தோன்றலாம். கூடவே கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாலாமை புலியும் யானையும் இருக்கும் முதல் அட்டவணையில் இடம் பெற்றுள்ளது. 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி நட்சத்திர ஆமையும் அதே அட்டவணைக்கு உயர்த்தப்பட்டது. 2019-இல் சைட்டிஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கையும் நட்சத்திர ஆமை வணிகத்தைத் தடை செய்தது. முதல் அட்டவணை உயிரினத்தைப் பிடித்து வைத்திருப்பவருக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். "மாமா ஊரிலிருந்து கொண்டு வந்து தந்தார்" என்பது நீதிமன்றத்தில் செல்லாது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஆமை மெதுவாகப் பெருகும் பிராணி. பல ஆண்டுகள் வளர்ந்த பின்னரே முட்டையிடும். முட்டைகளிலும் குஞ்சுகளிலும் பெரும்பகுதி கீரிக்கும் காக்கைக்கும் நாய்க்கும் இரையாகிவிடும். ஒரு கண்மாயிலிருந்து முதிர்ந்த பெண் ஆமை ஒன்றை எடுத்துவிட்டால் அந்த இழப்பை ஈடுகட்ட நெடுங்காலம் பிடிக்கும்.

கிணற்று ஆமை

கிணற்றில் ஆமை விடும் வழக்கம் நம்மிடையே பழங்காலந்தொட்டு உண்டு. ஆமை இருந்தால் நீர் சுத்தமாக இருக்கும் என்பது நம்பிக்கை. தவறி விழுந்த பூச்சியையும் செத்த தவளையையும் அது தின்னும் என்பது உண்மைதான். ஆனால் தின்றதை அதே நீரில்தான் கழிக்கிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். குடிநீர்க் கிணற்றில் ஆமை இருப்பது சுகாதாரத்துக்கு ஏற்றதன்று.

ஆமையின் பக்கம் நின்று பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். செங்குத்தான சிமெண்டு உறை இறக்கிய கிணற்றில் ஏறி உட்கார ஒரு திட்டில்லை, நண்பகலில் சிறிது நேரம் தவிர வெயில் இல்லை, முட்டையிட மண் இல்லை, துணையும் இல்லை. அங்கே அது பல ஆண்டுகள் உயிரோடிருக்கிறது என்பதைக் காட்டி, "நன்றாகத்தானே இருக்கிறது" என்கிறார்கள். ஆமையின் உடல் பட்டினியையும் குளிரையும் நெடுநாள் தாங்கும். தாங்குவதை வாழ்வதாக நாம் எடுத்துக் கொள்கிறோம். உங்கள் வீட்டுக் கிணற்றில் பழைய ஆமை ஒன்று இருக்குமானால், தூர் வாரும்போது பெரியவர்களிடம் சொல்லி வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.

கடையில் விற்கும் பச்சை ஆமை

இனி, கடைக்காரரின் கண்ணாடித் தொட்டிக்கு வருவோம். அங்கே நீங்கள் காண்பது பெரும்பாலும் 'ரெட் இயர்டு ஸ்லைடர்' என்னும் செங்காது ஆமை. தாயகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகை. கண்ணுக்குப் பின்னால் செந்நிறப் பட்டை ஒன்று இருப்பதால் இப்பெயர். அந்தப் பட்டை காதன்று. ஆமைக்குப் புறக்காதே கிடையாது. செவிப்பறை தோலோடு தோலாக இருக்கும்.

லூசியானா மாநிலத்துப் பண்ணைகளில் முட்டையிட்டுப் பொரிக்கச் செய்து இவற்றை இலட்சக்கணக்கில் விற்றனர். 1989 முதல் 1997 வரை அமெரிக்காவிலிருந்து ஏற்றுமதியான செங்காது ஆமைகள் 5 கோடிக்கு மேல் என்று கணக்கிடப்பட்டுள்ளது. ஆனால் தன் நாட்டுக்குள் சிறு ஆமை விற்பனையை அமெரிக்கா 1975-லேயே தடை செய்துவிட்டது. ஓட்டின் நீளம் 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமையைச் செல்லப் பிராணியாக விற்கக் கூடாது என்பது விதி. ஏன் தெரியுமா? ஆமையின் குடலில் சால்மோனெல்லா என்னும் பாக்டீரியா சாதாரணமாக வாழ்கிறது. ஆமைக்கு அதனால் துன்பமில்லை. ஆமையைத் தொட்ட கையோடு விரல் சூப்பும் குழந்தைக்குக் கடும் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரும். சில வேளை உயிருக்கும் ஆபத்து. 4 அங்குல ஆமை குழந்தையின் வாய்க்குள் நுழையாது என்பதால்தான் அந்த அளவு!

தொட்டியில் காசு அளவில் இருக்கும் குஞ்சு அப்படியே இருந்துவிடும் என்று பலர் நம்பி வாங்குகின்றனர். சில கடைகளில் "இது இவ்வளவுதான் வளரும்" என்றே சொல்லிவிடுகிறார்கள். பெண் ஆமை 10 முதல் 12 அங்குலம் வரை வளரும். சோறு பரிமாறும் தட்டு அளவு என்று கொள்ளுங்கள். ஆண் சற்றுச் சிறியது; முன்கால் நகங்கள் நீண்டிருக்கும். நல்ல பராமரிப்பில் 30 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். ஏழாம் வகுப்பில் படிக்கும் ஒரு மாணவி இன்று ஆமைக் குஞ்சு ஒன்றை வாங்கினால், அவர் கல்லூரி முடித்து, வேலைக்குப் போய், மணமாகி, அவருடைய மகள் ஏழாம் வகுப்புக்கு வரும்போதும் ஆமை உயிரோடிருக்கும். அதுவரை யார் நீர் மாற்றுவது? அம்மாதான் மாற்ற வேண்டியிருக்கும்.

சென்னை விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளிலிருந்து இக்குஞ்சுகளைச் சுங்கத் துறையினர் பலமுறை கைப்பற்றியுள்ளனர். காலுறைகளிலும் சிறு டப்பாக்களிலும் அடைத்துக் கொண்டு வரப்படுபவை. வழியில் எத்தனை மடிகின்றன என்பது நமக்குத் தெரிவதில்லை. எனவே புதிதாக வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் ஏற்கெனவே வீட்டில் ஆமை இருக்கிறது, கண்ணாடித் தொட்டி அதற்குப் போதவில்லை என்ற நிலையில் உள்ளவர்களுக்குக் கொல்லைக் குளமே சரியான வழி. அதை எப்படி அமைப்பது என்று பார்ப்போம்.

குளம் அமைக்கும் முறை

ஆமையின் ஓட்டு நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 40 லிட்டர் நீர் என்பது குறைந்த அளவு. 10 அங்குல ஆமைக்கு 400 லிட்டர். கொல்லையில் 8 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள குளம் வெட்டுவதாகக் கொள்வோம். ஒரு முனையில் ஆழம் அரை அடி. மறுமுனையில் இரண்டரை அடி. சராசரி ஆழம் ஒன்றரை அடி. 8 × 5 × 1½ = 60 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் ஏறத்தாழ 1,700 லிட்டர். வளர்ந்த ஆமை இரண்டோ மூன்றோ இதில் தாராளமாக இருக்கும். நான்கு ஆமைக்கும் கணக்குப்படி இடமுண்டு; ஆனால் கணக்கு வேறு, ஆமைகளின் சண்டை வேறு. ஆண் ஆமைகள் இரண்டு இருந்தால் ஒன்றையொன்று கடிக்கும்.

அடிப்பகுதி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சரிவாக இருக்க வேண்டும் என்பதைக் கொத்தனாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர் தண்ணீர்த் தொட்டி கட்டுவது போலச் செங்குத்தாகக் கட்டிவிடுவார். ஆழமான முனையின் அடியில் வடிகுழாய் வையுங்கள். பூச்சு வழவழப்பாக இருக்கட்டும். சொரசொரப்பான சிமெண்டில் உராய்ந்து வயிற்றோடு புண்ணாகும்.

புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்புச் சத்து நீரில் இறங்கிக் காரத்தன்மையை மிகுதியாக்கும். கட்டி முடித்த உடனே ஆமையை விட்டால் அதன் கண்ணும் தோலும் பாதிக்கப்படும். குளத்தில் நீர் நிரப்பி வாழைத்தண்டுத் துண்டுகளைப் போட்டுச் சில நாள் ஊறவிட்டு இறைத்துவிட வேண்டும். மீன் தொட்டி கட்டுவோர் இவ்வாறே செய்கின்றனர். இரண்டு மூன்று வாரத்தில் நான்கைந்து முறை இப்படிச் செய்தால் போதும். குழாய் நீரில் குளோரின் கலந்திருந்தால் ஒரு நாள் வெயிலில் வைத்த பின் விடுவது நலம்.

குளத்தின் நடுவிலோ ஓரத்திலோ வெயில் படும்படி ஒரு பாறையோ தென்னங்கட்டையோ பாதி நீரிலும் பாதி வெளியிலும் இருக்க வேண்டும். இது அலங்காரத்துக்காக அன்று. ஆமை குளிர் இரத்தப் பிராணி. உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக் கொள்ளாது. வெயிலில் கிடந்தால்தான் உணவு செரிக்கும். ஓட்டில் பூஞ்சை பிடிக்காது. மேலும் வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி உண்டாகி, உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேரும். கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடுகிறது. சன்னலோரக் கண்ணாடித் தொட்டியில் "நல்ல வெயில் படுகிறது" என்று வைத்திருக்கும் ஆமைக்கு ஓடு மென்மையாகி வளைவது இதனால்தான்.

வெயில் வேண்டும் என்பதற்காகக் குளம் முழுவதையும் வெட்டவெளியில் விடவும் கூடாது. நம் சித்திரை, வைகாசி வெயிலில் ஆழமற்ற நீர் கொதிநீர் போல் ஆகிவிடும். பாதிக் குளத்துக்கு மர நிழலோ தென்னங்கீற்றுப் பந்தலோ இருக்கட்டும். ஆழமான முனை நிழலில் இருப்பது உத்தமம்.

குளத்தைச் சுற்றிலும் ஒன்றரை அடி உயரத்துக்குச் சுவர் வேண்டும். ஆமை மெதுவாக நடக்கும் என்பதை நம்பி அசட்டையாக இருக்காதீர்கள். செங்காது ஆமை கம்பி வலையில் காலை மாட்டி ஏறிவிடும். மண்ணைத் தோண்டியும் தப்பிவிடும். எனவே கம்பி வலையை விட வழவழப்பான சுவரே மேல். அடித்தளம் மண்ணுக்குள் ஓரடியாவது இறங்கியிருக்க வேண்டும். குஞ்சுகளாக இருந்தால் காக்கை, பூனை, பெருச்சாளி ஆகியவற்றிடமிருந்து காக்க மேலே வலை போடுக. வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் சுவர் இன்னும் உயரமாகவும் கதவு தாழிட்டும் இருக்க வேண்டும். இரண்டரை அடி நீர் ஒரு குழந்தைக்கு மிக ஆழம்.

சுவருக்கும் குளத்துக்கும் இடையில் ஒரு பக்கம் நான்கடி அகலத்துக்கு மணல் கலந்த மண் ஓரடி ஆழம் இருக்கட்டும். பெண் ஆமை சேவல் இன்றியும் முட்டையிடும் கோழியைப் போல, ஆண் துணை இல்லாமலும் முட்டையிடும். அம்முட்டை பொரிக்காது என்பது மட்டுமே வேறுபாடு. மண் இல்லாவிட்டால் முட்டையை வயிற்றிலேயே அடக்கிக் கொண்டு நோயுற்று இறப்பதும் உண்டு. தட்டையான தொட்டியில் வளர்ந்த பெண் ஆமை திடீரென்று உண்ணாமல் பரபரப்பாகச் சுவரைப் பிறாண்டிக் கொண்டிருந்தால் பலருக்குக் காரணம் விளங்குவதில்லை.

முட்டையைப் பற்றி இன்னொரு வியப்பான செய்தி. கோழி முட்டையில் சேவலா பெட்டையா என்பது முதலிலேயே தீர்மானமாகிவிடும். செங்காது ஆமையில் அப்படியன்று. புதைந்திருக்கும் மண்ணின் வெப்பநிலையே அதைத் தீர்மானிக்கிறது. 26 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் பொரிப்பவை ஆண்கள். 31 டிகிரிக்கு மேல் போனால் பெண்கள். இடைப்பட்ட வெப்பத்தில் இரண்டும் கலந்து வரும். கடலாமைகளிலும் இவ்வாறே. பூமி சூடாகிக் கொண்டு வரும் இந்நாளில் ஆண் ஆமை குறைந்து போகுமோ என்று விஞ்ஞானிகள் கவலைப்படுவது இதனால்தான். உங்கள் குளத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்து இருந்தால், முட்டைகளை அன்றே அகற்றிவிடுவது நல்லது. இருபது குஞ்சுகளை யாரிடம் கொடுப்பீர்கள்?

உணவும் நலமும்

செங்காது ஆமை நீருக்குள்தான் விழுங்கும். நிலத்தில் உணவு வைத்தாலும் வாயில் கவ்விக் கொண்டு நீருக்குள் ஓடுவதைக் காணலாம். குஞ்சுப் பருவத்தில் புழுவும் பூச்சியும் மீனும் மிகுதியாக வேண்டும். வளர வளரத் தழை உணவு கூட வேண்டும். மண்புழு, நத்தை, உப்பிடாத சிறு மீன் ஆகியவற்றோடு முருங்கைக்கீரை, அரைக்கீரை, துருவிய கேரட், பூசணி கொடுக்கலாம். ஆமைத் தலை அளவு உணவு ஒரு வேளைக்குப் போதும். வளர்ந்த ஆமைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தால் குறைவில்லை. அது எப்போதும் பசித்தது போலவே உங்களைப் பார்க்கும், ஏமாந்துவிடாதீர்கள்.

சோறு, ரொட்டி, பால், முறுக்கு, கருவாடு இவை வேண்டா. ஒட்டிய மாட்டிறைச்சித் துண்டுகளையே நாள்தோறும் போட்டு வளர்த்தால் சுண்ணாம்புச் சத்து குறைந்து ஓடு கோணும். கடற்கரை ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி: மணலில் ஒதுங்கும் வெண்மையான கணவாய் ஓட்டைக் கழுவி நீரில் மிதக்கவிட்டால் ஆமை கடித்துத் தின்னும். அது முழுக்கச் சுண்ணாம்புச் சத்து.

வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு நீரை வடித்துப் புதுநீர் விடுங்கள். வடித்த நீர் வாழைக்கும் தென்னைக்கும் நல்ல உரம். கொத்தமல்லி, புதினா போன்று பச்சையாகத் தின்னும் செடிக்கு விடாதீர்கள்; முன்பு சொன்ன சால்மோனெல்லா நினைவிருக்கட்டும். ஆமையைத் தொட்டபின் சோப்பிட்டுக் கைகழுவுதல், அதன் பாத்திரத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாமை, ஐந்து வயதுக்குட்பட்ட தம்பி தங்கையரைத் தொடவிடாமை, முத்தமிடாமை ஆகிய விதிகளுக்கு விலக்கே கிடையாது.

கண் வீங்கி மூடியிருந்தால் வைட்டமின் ஏ குறைவாக இருக்கலாம். ஒருபக்கம் சாய்ந்தபடி மிதந்தாலும் மூக்கில் நுரை வந்தாலும் நுரையீரல் நோய். ஓடு அழுத்தினால் அமுங்கினால் வெயிலும் சுண்ணாம்பும் போதவில்லை. எதுவாயினும் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். மஞ்சள் பூசுவதோடு நின்றுவிடக் கூடாது.

ஆற்றில் விடலாமா?

ஆமை பெரிதாகி நாற்றமும் வேலையும் அதிகமானதும் பலருக்குத் தோன்றும் எண்ணம் இதுதான்: "பாவம், சுதந்திரமாகப் போகட்டும்." கோயில் குளத்திலோ ஏரியிலோ கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். கருணை என்று நினைத்துச் செய்யும் இந்தக் காரியம் நம் ஊர் ஆமைகளுக்குப் பெருங்கேடு. செங்காது ஆமை முரட்டுத்தனமானது, எதையும் தின்னும், வெயில் காயும் இடங்களைப் பிடித்துக்கொண்டு மற்ற ஆமைகளைத் தள்ளிவிடும், புதிய நோய்களையும் கொண்டு வரும். உலகின் மிகக் கொடிய நூறு அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் இதுவும் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியம் இதன் இறக்குமதியை 1997-இல் நிறுத்தியது.

நம் நாட்டிலும் இது தொடங்கிவிட்டது. 2018-இல் அசாமில் குவாஹாட்டி நகரின் உக்ரதாரா கோயில் குளத்தில் செங்காது ஆமை காணப்பட்டது. அதே ஆண்டில் கேரளத்தில் திருச்சூர்ப் பகுதி நீர்நிலையிலும் கண்டெடுக்கப்பட்டது. அங்குள்ள வன ஆராய்ச்சி நிறுவனம் மக்கள் தம்மிடம் உள்ள ஆமைகளை ஒப்படைக்குமாறு வேண்டிச் சேகரித்தது. வளர்க்க இயலாதவர்கள் வனத்துறை அலுவலகத்தை அணுகிக் கேட்க வேண்டும். அல்லது குளம் வைத்திருக்கும் வேறொருவரிடம் ஒப்படைக்கலாம்.

குளமே இல்லாமல் ஆமையைக் காண விரும்பும் மாணவிகளுக்கு ஒரு வழி சொல்கிறேன். மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் 1976-இல் ரோமுலஸ் விட்டேக்கர் நிறுவிய சென்னை முதலைப் பண்ணையில் பல வகை நன்னீர் ஆமைகளைப் பார்க்கலாம். அவ்வளவு தூரம் போக இயலாதவர்கள் ஊர்க் கண்மாய்க் கரைக்குக் காலை ஒன்பது மணிக்குப் போய்ச் சத்தமின்றி அரைமணி நேரம் உட்காருங்கள். பாதி மூழ்கிய மரக்கட்டையின்மேல் கருப்பாகக் கல் போல் ஏதாவது இருந்தால், காலடி ஓசை கேட்டதும் அது 'தொபுக்'கென்று நீரில் விழுகிறதா என்று பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பாலாமைகள் வயலிலிருந்து வயலுக்குச் சாலையைக் கடக்கும். வண்டியில் அடிபடும் இடத்தில் ஒன்றைக் கண்டால், பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்து, வண்டி வருகிறதா என்று பார்த்துக் கொண்டு, அது எந்தப் பக்கம் நோக்கிப் போகிறதோ அந்தப் பக்கத்திலேயே கொண்டு விடுங்கள். வந்த பக்கம் திருப்பி விட்டால் மீண்டும் சாலைக்கே வரும். இரண்டு கைகளாலும் ஓட்டின் பின்பாதியைப் பிடித்துத் தரையை ஒட்டியே தூக்குங்கள். அதன் கழுத்து நீங்கள் நினைப்பதைவிட நீளமானது. முன்பாதியைப் பிடித்தால் திரும்பிக் கடித்துவிடும்.